ஓர் இரவுக்கு ஓர் அகழி

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் லாண்ட்ரின்டாட் வெல்ஸ் என்றொரு ஊர். அதை ஒட்டிய மேய்ச்சல் வெளியில் சின்னச் சின்ன மண் சதுரங்கள் இருக்கின்றன. சுற்றிலும் தாழ்ந்த கரை, கரைக்கு வெளியே ஒரு பள்ளம், அவ்வளவுதான். புல் மூடிய அந்தக் கரைகள் பல இடங்களில் முழங்கால் உயரம்கூட வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்த்துக் குறித்தவர்கள் 18 சதுரங்கள் என்று எண்ணினார்கள். உள்ளே ஒரு படை தங்க வழியே இல்லை. சிலவற்றில் நாலைந்து கூடாரம் அடித்தாலே நெருக்கடி ஆகிவிடும்.

பக்கத்தில் காஸ்டெல் காலன் என்ற ரோமானியக் கோட்டை இருந்தது. அங்கே இருந்த சிப்பாய்கள் முகாம் போடப் பழகிய இடம் இந்த வெளி. நேரில் போகிறவர்களுக்கு இவை ஏமாற்றமாக இருக்கலாம். வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் ருசி தெரியும். நான்கு மூலை, நான்கு வாசல், நடுவில் ஒப்புக்குக் கொஞ்சம் கரை. நேராக ஓடும் பகுதியை வேண்டுமென்றே சுருக்கியிருக்கிறார்கள். நேராக வெட்டுவதைக் கயிறு பார்த்துக்கொள்ளும், அதற்குப் பயிற்சி தேவையில்லை. மூலையிலும் வாசலிலும்தான் கை தடுமாறும்.

தையல் கடையில் தொழில் பழகும் பையனுக்கு நேர்த்தையல் சீக்கிரம் கைவந்துவிடும். காலரும் காஜாவும்தான் அவனை மாதக்கணக்கில் உட்காரவைக்கும். லாண்ட்ரின்டாட் சதுரங்கள் முழுக்கக் காலரும் காஜாவும்தான்.

மூலையில் என்ன சிரமம்? ரோமானிய முகாமின் மூலை கூராக இருக்காது, வளைந்து திரும்பும். அகழி வெளியே, கரை உள்ளே. வளைவில் வெளிவட்டம் நீளம், உள்வட்டம் குட்டை. ஆக, அகழியிலிருந்து வரும் மண், கரைக்கு வேண்டியதைவிட அதிகமாகிவிடும். அதை எங்கே கொட்டுவது, கரையை எவ்வளவு அகட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வரும் இரண்டு குழுக்கள் ஒரே ஆழத்தில், ஒரே சரிவில் சந்திக்கவும் வேண்டும். இது புத்தகம் படித்து வருகிற வித்தையில்லை. அதனால்தான் அந்த ஈரப் புல்வெளியில் மறுபடி மறுபடி மூலையாகவே வெட்டியிருக்கிறார்கள். வடக்கே டோல்தினாஸ் என்ற இடத்திலும் இதே மாதிரி ஐந்து சதுரங்கள் உண்டு.

பழகியது எதற்காக என்றால், எதிரி நிலத்தில் நடக்கும் படைக்கு அன்றைய நடை முடிந்ததும் முதல் வேலை இதுதான். நாள் முழுக்கச் சுமையோடு நடந்தவன் மூட்டையை இறக்கிவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுப்பான். அகழி வெட்டி, கரை எழுப்பி, கரைமேல் கழி நட்ட பிறகே கூடாரமும் சாப்பாடும். விடிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடுத்த இடம். முதல் நூற்றாண்டில் யூதர்களின் தளபதியாக ரோமானியரை எதிர்த்து நின்று, பிறகு அவர்களிடம் பிடிபட்டு, அவர்களுடைய முகாமுக்குள்ளேயே இருந்து பார்த்தவர் ஜோசிபஸ். திடீரென ஒரு நகரம் முளைத்தாற்போல் அந்த முகாம் எழுவதை வியந்து எழுதியிருக்கிறார். புறப்படும்போது எக்காளம் மூன்று முறை ஊதும் என்கிறார். முதல் ஊதலில் கூடாரம் கழற்றுவார்கள், இரண்டாவதில் சுமை ஏற்றி முகாமுக்குத் தீ வைப்பார்கள், மூன்றாவதில் நடை.

இந்த ஏற்பாட்டின் நுணுக்கத்தை எழுதிவைத்த இரண்டு பேரை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பதுண்டு. ஒருவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ். கரைமேல் நடும் கழியைப் பற்றி அவர் சொல்லும் செய்தி ஒன்று போதும், அவர் கண் எப்படிப்பட்டது என்று காட்ட. கிரேக்கர்கள் சுற்றிலும் நிறையக் கிளை விட்ட தடித்த கழிகளை நடுவார்கள். பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் அந்தக் கிளைகளே எதிரிக்குப் பிடிமானம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடித்து இழுத்தால் கழி பெயர்ந்து, அங்கே ஒரு வாசலே திறந்துவிடும். ரோமானியர் தேர்ந்தெடுப்பது இரண்டு மூன்று கவைகள் மட்டும் உள்ள கழி, அதிகம் போனால் நான்கு, அவையும் ஒரே பக்கமாக. நெருக்கி நட்டு, ஒன்றன் கவையை இன்னொன்றன் இடுக்கில் செருகிப் பின்னிவிடுவார்கள். எது எந்தக் கழியின் கவை என்றே தெரியாது. கை நுழைய இடமிருக்காது. ஒன்றை இழுத்தால் பக்கத்தில் உள்ளதெல்லாம் சேர்ந்து எதிர்த்து இழுக்கும். தூக்கி நடக்கவும் அது இலகுவானது. வெட்டும்போதே சுமப்பவனையும் நடுபவனையும் பிடுங்க வருபவனையும் நினைத்துத் தேர்ந்தெடுத்த கழி அது. காட்டுமுள்ளால் மதில் வளைத்த பாசறையையும் அதில் காவல் நிற்கும் யவனரையும் முல்லைப்பாட்டில் படித்தவர்களுக்கு இந்த வேலியின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியின் லிப்பே ஆற்றங்கரையில் ஓபராடன் என்ற இடத்தில், கி.மு. 11-ஐ ஒட்டிப் போட்ட முகாமில், மரக்கழிகளே கிடைத்திருக்கின்றன. ஈர மண் அவற்றை மக்கவிடாமல் காத்தது. இரண்டு முனையும் கூராகச் சீவி, நடுவில் கைப்பிடி போல ஒடுக்கியவை. சிலவற்றில் எந்தப் பிரிவினுடையது என்று பெயர் வெட்டியிருக்கிறது. கழிக்குக்கூடச் சொந்தக்காரன் உண்டு, தொலைத்தால் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொருவர் ஹைஜினஸ் என்பவர் பெயரில் வழங்கும் கையேட்டை எழுதியவர். பெயர் உண்மையில் அவருடையது அல்ல என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். வறண்ட கணக்குப் புத்தகம்தான். ஆனால் அந்தக் கணக்குக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு நூற்றுவர் பிரிவில் பெயருக்கு நூறு, ஆள் எண்பது. ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர். அப்படியானால் பத்துக் கூடாரம் வேண்டும் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். அவர் எட்டுக் கூடாரம் போதும் என்கிறார். ஏனென்றால் எந்த நேரத்திலும் 16 பேர் காவலில் இருப்பார்கள். அவர்கள் திரும்பி வரும்போது வேறு 16 பேர் எழுந்து போயிருப்பார்கள். ஒருவன் எழுந்த இடத்தில், அந்தச் சூடு ஆறுவதற்குள், இன்னொருவன் படுப்பான்.

மிச்சமான இரண்டு கூடார இடம் என்னவாகிறது? அங்கேதான் பிரிவின் தலைவனுக்குக் கூடாரம். கூடாரம் 10 அடி, கயிறு கட்ட 2 அடி, ஆக 12 அடி. எட்டுக் கூடாரமும் தலைவனின் இரட்டை இடமும் சேர்ந்து 120 அடி. வரிசை ஓர் அங்குலம் பிசகாமல் முடிகிறது. தலைவனின் வசதிக்கான இடம் காவலாளிகளின் தூக்கத்திலிருந்து வருகிறது என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கூடாரங்களுக்கும் கரைக்கும் நடுவே 60 அடி வெற்றிடம் விட வேண்டும் என்று அதே கையேடு விதிக்கிறது. வெளியிலிருந்து எறிந்தது தூங்குபவன்மேல் விழாது, உள்ளே ஆட்கள் ஓடி வரிசை கட்டவும் இடம் கிடைக்கும். அந்த 60 அடியையே ஆரமாக வைத்து மூலையை வளைத்துக்கொள்ளலாம். ஓர் அளவு இரண்டு வேலை செய்கிறது. லாண்ட்ரின்டாட்டில் சின்னதாகப் பழகியது இதைத்தான்.

இனி அகழி. கையேட்டின்படி 5 அடி அகலம், 3 அடி ஆழம் போதும். பெரிய கோட்டைகளின் அகழியோடு ஒப்பிட்டால் இது வாய்க்கால்தான். ஆனால் இன்று அகழாய்வாளர் அதைக் குறுக்கே வெட்டி, சுவரைச் சீவி, ஒரு பக்கமாக ஒளி விழும்படி நின்று பார்க்கும்போது தெரிவது வேறு. இரண்டு பக்கமும் சரிந்து அடியில் கூராகச் சந்திக்கும் வடிவம். சில அகழிகளில் அந்தக் கூர் முனைக்கும் கீழே, மண்வெட்டி அகலத்துக்கு ஒரு சின்னச் சதுரக் காடி இறங்கும். இறங்கியவன் பாதம் அதில் மாட்டிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். சேறு வாரும்போது மண்வெட்டி உண்டாக்கிய தடம் என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. எப்படியானாலும் அந்தக் காடியில் ஒரு மண்வெட்டியின் அகலம் அப்படியே நின்றுவிட்டது.

வாசலுக்குக் கதவு கிடையாது. ஓர் இரவுக்குக் கதவு செய்து மாட்ட யாருக்கு நேரம்? அதற்குப் பதிலாக மண்ணாலேயே இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, வாசலுக்கு நேர் எதிரே சில அடி தள்ளி ஒரு குட்டை அகழியும் கரையும். ஓடிவரும் கூட்டம் நேராக உள்ளே பாய முடியாமல் இரண்டாகப் பிரிந்து, வேகம் இழந்து சுற்றி வர வேண்டும். இங்கிலாந்தின் பென்னைன் மலைக் கணவாயில் உள்ள ரே கிராஸ் முகாமில் இந்தக் குட்டை மேடுகளை இன்றும் வாசல்களின் எதிரே பார்க்கலாம். அடியில் பாறை, அகழி முழுதாக வெட்ட முடியவில்லை. அதனால் கரையைக் கல்லும் மண்ணுமாகக் கனமாகப் போட்டிருக்கிறார்கள். ஏ66 நெடுஞ்சாலை முகாமுக்குள் புகுந்து போகிறது. லாரிகள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பறக்கின்றன, கரை அசையாமல் இருக்கிறது.

இரண்டாவது வழிதான் நான் சொல்லத் துடித்தது. வாசலின் ஓர் ஓரத்திலிருந்து கரை மட்டும் கால்வட்டமாக உட்பக்கம் வளைந்து போகும். வருபவன் அந்த வளைவைத் தழுவியே நடந்தாக வேண்டும். அப்படி நடக்கும்போது அவனுடைய வலப்பக்கம் கரைமேல் நிற்பவர்களுக்குத் திறந்து கிடக்கும். கேடயம் இடக்கையில் அல்லவா இருக்கிறது! கல்லும் கதவும் பூட்டும் இல்லாமல், நடக்கும் திசையை மட்டும் திருப்பி ஒரு மனிதனின் கேடயத்தைப் பறித்துவிடுகிறது இந்த வளைவு. ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராகத்ரோ என்ற இடத்தின் பெயரால் அழைக்கப்படும் இன்னும் சிக்கலான வகையும் உண்டு. வளைவோடு ஒரு சாய்ந்த கரையும் சேர்ந்திருக்கும். முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கே போன படைகளின் அடையாளமாக அதைக் கொள்கிறார்கள். காசும் பானை ஓடும் அரிதாகவே கிடைக்கும் ஓர் இரவு முகாமில், வாசலின் வடிவமே ஆண்டு சொல்லும் சாட்சி.

பிரிட்டனில் மட்டும் இத்தகைய முகாம்கள் 400-க்கு மேல் தெரியும். உலகில் வேறெங்கும் இத்தனை இல்லை. தேடியவர்களும் நல்லவர்களாக வாய்த்தார்கள். 1754-இல் ராபர்ட் மெல்வில் என்ற படை அதிகாரி ஸ்ட்ராத்மோர் சமவெளியில் சில முகாம்களைக் கண்டு சொன்னார். அப்போது ஸ்காட்லாந்தை அளந்துகொண்டிருந்த வில்லியம் ராய் அவற்றையும் அளந்தார். அவரும் படைக்காரர்தான். இன்னொரு படை எந்த மேட்டைத் தேர்ந்தெடுக்கும், தண்ணீர் எங்கே எடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1790-இல் அவர் இறந்தார். வரைபடங்கள் 1793-இல் நூலாக வந்தன. அவர் வரைந்த கரைகள் பல பின்னாளில் உழவில் கரைந்துபோயின. மையில் மட்டும் இருக்கின்றன.

கரைந்தவற்றை மீட்டது வானம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கேம்பிரிட்ஜின் ஜே. கே. செயின்ட் ஜோசப், அடிப்படையில் நிலவியல் படித்தவர், விமானத்தில் ஏறி ஒவ்வொரு கோடையும் வயல்களைப் படம் எடுத்தார். மழை பொய்த்த ஆண்டில் பார்லி வயல் வெளுக்கும். பழைய அகழி இருந்த இடத்தில் மண் ஆழம், ஈரம் தங்கும், பயிர் இன்னும் சில நாள் பச்சையாக நிற்கும். வெளிர் மஞ்சளின் நடுவே ஒரு பச்சைக் கோடு. அது வாய்க்காலாகவும் இருக்கலாம், பழைய வரப்பாகவும் இருக்கலாம். கோட்டைப் பின்தொடர்ந்து போனால் ஓரிடத்தில் அது மெல்ல, சீராக, தொண்ணூறு பாகை வளைந்து திரும்பும். உழவனின் வரப்பு அப்படித் திரும்பாது. அந்த வளைவைப் பார்த்த கணமே, இன்னார் வேலை என்று தெரிந்துவிடும். 1976-இன் வறட்சியும் 2018-இன் வறட்சியும் உழவர்களை வாட்டின. அதே வறட்சியில் வயல்கள் நிறையச் சொல்லிவிட்டன.

செயின்ட் ஜோசப் இன்னொன்றும் செய்தார். அளவு ஒத்த முகாம்களைச் சேர்த்துப் பார்த்தார். ஒரே படை ஒவ்வொரு நாளும் ஒரே அளவில்தான் முகாம் போடும் என்றால், 63 ஏக்கர் முகாம்களை ஒரு நூலிலும் 130 ஏக்கர் முகாம்களை இன்னொரு நூலிலும் கோத்துப் பார்க்கலாமே? கோத்தபோது நடந்த பாதை தெரிந்தது. கி.பி. 208 முதல் 211 வரை ரோமானியப் பேரரசர் செவெரஸ் வடக்கே நடத்திய படையெடுப்போடு அவற்றை இணைத்தார். ஆர்டாக் போன்ற இடங்களில் முகாம்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. எந்த அகழி எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று பார்த்தால் முன்னது பின்னது தெரியும். இந்தக் கோவை எல்லாமே சரி என்று இன்றைய ஆய்வாளர்கள் ஒப்புவதில்லை. அளவை வைத்து நடையைப் படிக்கலாம் என்று காட்டியதே பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

நெடுநாள் வரை முகாமின் உள்பகுதியை யாரும் தோண்டவில்லை. ஓர் இரவு தங்கியவன் என்ன விட்டுப்போவான் என்ற நினைப்பு. அபர்டீன் அருகே கின்டோர் ஊர் விரிவடைந்தபோது, வீடு கட்டும் முன் அங்கே 110 ஏக்கர் முகாம் ஒன்றின் உள்ளே விரிவாகத் தோண்ட வாய்ப்புக் கிடைத்தது. 180-க்கும் மேற்பட்ட அடுப்புகள் வெளிப்பட்டன. அதன் பிறகு, 2019-இல் அறிவிக்கப்பட்ட, ஸ்காட்லாந்தின் ஆர் நகர அகழாய்வில், புதிய பள்ளிக்கூடம் எழவிருந்த இடத்தில், இரண்டு வரிசையாக 26 தீக்குழிகள், பலவும் இரட்டை.

ஒரு குழியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு முனையில் வட்டமான அடுப்பு, களிமண் கூரை போட்டது, கூரையைத் தாங்கிய சின்னக் குச்சிகளின் ஓட்டைகள் இன்னும் தெரிகின்றன. மறுமுனையில் சாம்பல் இழுத்துப் போட்ட குழி, கரியோடு. அடுப்புக்குள்ளேயே தீ மூட்டிச் சுவர் சூடேறியதும் தணலை வாரி வெளியே இழுத்துவிட்டு, ரொட்டியை வைத்து வாயை மூட வேண்டும். வாரிய தணலின் கறைதான் இரண்டு குழிகளையும் இணைக்கிறது. இரு வரிசைக்கும் நடுவே சுமார் 30 மீட்டர். கண்ட இடத்திலெல்லாம் தோண்டவில்லை, அளந்து ஒதுக்கியிருக்கிறார்கள். கோதுமையை அவர்களே கைத்திரிகையில் அரைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பைக் கட்டவும் வேண்டும், எரிக்கவும் வேண்டும், விடிந்தால் விட்டுப்போகவும் வேண்டும்.

பாலைவனத்தில் இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். சாக்கடல் ஓரத்து மசாடா குன்றைச் சுற்றி, கி.பி. 73-ஐ ஒட்டிய முற்றுகையின் எட்டு முகாம்கள் கல்லோடு கல்லாக நிற்கின்றன. அங்கே மழை அரிது, உழவு இல்லை. ஓர் இரவு முகாம்கள் அல்ல என்பதால் கூடாரத்துக்கு அடியில் தாழ்ந்த கல்சுவர் எழுப்பி, தோலை மேலே இழுத்துக் கட்டினார்கள். உள்ளே மூன்று பக்கமும் படுக்கவும் உட்காரவும் ஏற்ற திண்ணை, முன்னால் ஒரு துண்டு முற்றம், அங்கே அடுப்பு. எட்டுப் பேரின் வீடு. வாசல்களில் அந்த உள்வளைவு, இங்கே மண்ணுக்குப் பதில் கல்லில். வேல்ஸின் ஈரப் புல்லில் பழகியதும் சாக்கடலின் கொதிக்கும் சரளையில் கட்டியதும் ஒரே வளைவு.

இன்னொரு சின்னப் பொருளைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜெர்மனியின் ஹெர்மெஸ்கைல் ஊரருகே, சீசரின் கால்லியப் போர்க் காலத்து முகாம் என்று 2012-இல் அறிவிக்கப்பட்ட இடத்தில், வாசலில் கல் பாவியிருந்தார்கள். கல்லிடுக்குகளில் சிப்பாய்களின் செருப்பு ஆணிகள் கிடைத்தன. தலையின் அடிப்புறத்தில் சிலுவைக் கோடும் புள்ளிகளும். அந்தக் கோடும் புள்ளியும்தான் காலத்தைக் காட்டிக்கொடுத்தன. போனவனுக்கு ஓர் ஆணி விழுந்தது தெரிந்திருக்கவே போவதில்லை.

இப்போது தேடல் செயற்கைக்கோள் படங்களுக்கும், லேசர் ஒளியால் தரையை அளக்கும் லைடாருக்கும் நகர்ந்துவிட்டது. வடமேற்கு ஸ்பெயினில் 2020-இல் ஒரே கட்டுரையில் 66 முகாம்கள் வெளியாயின. 2023-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், வட அரேபியப் பாலையில், துமத் அல்-ஜந்தல் சோலையை நோக்கி நேர்க்கோட்டில் அமைந்த மூன்று முகாம்களைப் படங்களிலேயே கண்டார்கள். அடையாளம் அதே முனை மழுங்கிய செவ்வகம், எதிரெதிர் வாசல்கள். கி.பி. 106-இல் ரோம் நபதேய நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட சமயத்தில் நடந்த படையெடுப்பாக இருக்கலாம் என்கிறார்கள்.

அங்கே எனக்கு ருசிப்பது இரண்டு அளவுகள். ஒரு முகாமுக்கும் அடுத்ததற்கும் 37 முதல் 44 கிலோமீட்டர். பாலையில் ஒரு நாளில் காலாள் அவ்வளவு நடக்க மாட்டான். போனவர்கள் குதிரையிலோ ஒட்டகத்திலோ போயிருக்க வேண்டும். மேற்கே உள்ள முகாம் மற்ற இரண்டைப் போல இருமடங்கு. அங்கே தங்கிய படையில் பாதிதான் அடுத்த முகாமுக்கு வந்திருக்க வேண்டும். மிச்சப் பாதி தண்ணீர் கொண்டுவரப் பின்தங்கியதா, வேறு வழியில் பிரிந்து போனதா, வழியிலேயே அழிந்ததா? தரையில் இறங்கித் தோண்டுபவர்கள்தான் சொல்ல வேண்டும்.